நட்ட குச்சி பிழைக்கவில்லையா? அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடியுங்கள்

எங்கள் தெருவில் யார் வீட்டில் நட்ட குச்சி அழுகினாலும் கடைசியில் அது ஒரு தயிர் டப்பாவோடு எங்கள் வீட்டுப் படியேறி வந்துவிடும். தாம்பரம் பக்கம் மொட்டை மாடியில் ஏழெட்டு வருடமாகத் தொட்டி வைத்திருக்கிறேன், அதில் முதல் மூன்று வருடம் நட்டதில் பாதிக்கு மேல் கொன்றிருக்கிறேன், இதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது. வரும் புகார்கள் மட்டும் திரும்பத் திரும்ப அதே பத்துப் பதினொன்றுதான். அதனால் எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

உங்கள் டப்பாவில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம்தான் முதலில் வரும். அதைப் பார்க்காமல் நேரே மருந்துக் கடைக்கு ஓடாதீர்கள்.

ஒரே ஒரு விஷயம் மட்டும் எல்லோருக்கும் பொது. வேர் வந்துவிட்டதா என்று குச்சியைப் பிடுங்கிப் பார்க்கக் கூடாது. என் மாமியார் தினமும் காலையில் காபி டம்ளரோடு வந்து ஒரு குச்சியை உருவிப் பார்த்துவிட்டுத் திரும்பச் செருகுவார், அந்த வரிசையில் ஒன்றுகூடப் பிழைத்ததில்லை. கண்ணாடி போலத் தெரியும் பிளாஸ்டிக் டம்ளரில் நடுங்கள், வேர் ஓரத்துக்கு வந்தால் தானாகத் தெரியும். ஐஸ் குச்சியில் செடி பெயரும் தேதியும் எழுதிச் செருகி வையுங்கள், இல்லாவிட்டால் மூன்று வாரம் ஆனது உங்களுக்கு மூன்று மாதம் போலத் தோன்றும்.

## குச்சியின் அடி கறுத்துக் கொழகொழவென்று போகிறது

வருகிற புகாரில் பாதி இதுதான். பத்தில் எட்டுக்குக் காரணம் தண்ணீர்.

முதலில் ஓட்டையைப் பாருங்கள். டப்பாவுக்கு அடியில் ஓட்டை இருக்கிறதா? இருக்கிறது என்று சொல்லிக் கொண்டு வருவார்கள், திருப்பினால் ஊசி முனை அளவில் ஒன்று இருக்கும், அதையும் மண் அடைத்திருக்கும். சூடான கம்பியால் பென்சில் பருமனுக்கு நான்கைந்து ஓட்டை போடுங்கள். அடியில் தட்டு வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள்.

அடுத்து கைப்பிடிச் சோதனை. மண் கலவையை ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். தண்ணீர் தாரையாக ஒழுகினால் அதிகம். ஓரிரண்டு சொட்டு கசிந்து, கையைத் திறந்ததும் உருண்டையாக நின்று, விரலால் தட்டினால் உதிர்ந்தால் சரியான பதம். பிழியும்போது சாக்கடை வாடை அடித்தால் அந்தக் கலவையை அப்படியே கொட்டிவிடுங்கள், அதில் வேறு குச்சி நடாதீர்கள்.

கலவை என்ன? வெறும் தோட்ட மண்ணோ, பாதிக்குப் பாதி தொழு உரமோ போட்டிருந்தால் காரணம் அதுதான். வேரில்லாத குச்சிக்குச் சாப்பாடு தேவையில்லை, காற்றும் ஈரமும்தான் தேவை. நான் வைப்பது கழுவிய தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு, பெருமணல் ஒரு பங்கு, அவ்வளவுதான். ஆற்று மணல் இப்போது கிடைப்பது கஷ்டம், எம்-சாண்ட் எடுத்தால் சலித்து, தூசி போகும்வரை கழுவிவிட்டுப் பயன்படுத்துங்கள், அந்தத் தூசி சிமெண்டு மாதிரி இறுகிவிடும்.

எதை வைத்து வெட்டினீர்கள்? மீன் நறுக்கிய கத்தரியால் ரோஜாக் குச்சி வெட்டிக் கொண்டு வந்தவரும் உண்டு. கத்தரியைச் சோப்புப் போட்டுக் கழுவி ஸ்பிரிட்டால் துடையுங்கள். வெட்டு நசுங்காமல் இருக்க வேண்டும், நசுங்கிய இடத்தில்தான் அழுகல் தொடங்கும்.

பால் வடிகிற செடியா? அரளி, நந்தியாவட்டை, அடீனியம், கள்ளி வகைகள். அரளி, நந்தியாவட்டை என்றால் பாலைக் கழுவிவிட்டு நடலாம். அடீனியம், கள்ளி மாதிரி சதைப்பற்றான தண்டுகளை வெட்டியவுடன் ஈரத்தில் வைத்தால் அழுகும், நிழலில் நான்கைந்து நாள் போட்டு, வெட்டுவாய் காய்ந்து தோல் கட்டிய பிறகுதான் நட வேண்டும். கள்ளிப் பாலும் அரளிப் பாலும் விளையாட்டில்லை. கையுறை போடுங்கள், கண்ணைத் தேய்க்காதீர்கள். கண்ணில் பட்டுவிட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே கண் மருத்துவரிடம் போங்கள், மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள்.

முருங்கைப் போத்தும் இந்தக் கணக்கில்தான் சேரும். கைப்பருமன் போத்தை வெட்டி இரண்டு மூன்று நாள் நிழலில் சாய்த்து வைத்து, மேல் வெட்டில் சாணி அப்பி நடுவார்கள் நம் ஊரில். அந்தச் சாணி அலங்காரத்துக்கு இல்லை, மேலே மழைத்தண்ணீர் இறங்காமலும் வெயிலில் காய்ந்து வெடிக்காமலும் காக்கிறது. நட்டபின் தினமும் குடம் குடமாக ஊற்றுகிறவர்களின் போத்துதான் அழுகுகிறது. துளிர் வரும்வரை மண் லேசான ஈரத்தோடு இருந்தால் போதும்.

அழுகியதைக் காப்பாற்ற முடியுமா? கறுப்புக்கு மேலே ஒரு அங்குலம் விட்டு வெட்டிப் பாருங்கள். உள்ளே வெளிறிய பச்சையோ வெள்ளையோ தெரிந்து, இன்னும் மூன்று கணுவாவது மிச்சம் இருந்தால் புதுக் கலவையில் திரும்ப நடலாம். நடுவில் பழுப்பு வளையம் தெரிந்தால் இன்னும் மேலே வெட்டுங்கள். வெட்டிக்கொண்டே போய் இலைதான் மிச்சம் என்றால், சரி, விட்டுவிடுங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்து, ஒரே தாய்ச் செடியிலிருந்து எடுத்த குச்சிகள் எல்லாம் ஒன்றுபோல அழுகினால் தாய்ச் செடியிலேயே நோய் இருக்கிறது என்று சந்தேகப்படலாம். அப்போதுதான் வெளியாளிடம் காட்ட வேண்டும், குச்சியை மட்டும் இல்லை, தாய்ச் செடியின் தண்டு, இலையின் படங்களையும் சேர்த்து.

## துளிர் வந்தது, சந்தோஷப்பட்டேன், பத்து நாளில் காய்ந்துவிட்டது

மனசு உடைக்கிற புகார் இது. முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள், துளிர் வந்தால் வேர் வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. குச்சிக்குள் ஏற்கெனவே இருக்கிற சத்தை எடுத்துக்கொண்டு மொட்டு விரியும். அந்தச் சத்து தீருவதற்குள் வேர் விட்டால் பிழைக்கும், இல்லாவிட்டால் காயும். ரோஜாவும் காகிதப்பூவும் இப்படி ஏமாற்றுவதில் கெட்டிக்காரர்கள்.

சோதனை: இரண்டு விரலால் குச்சியைப் பிடித்து மிக லேசாக மேலே இழுங்கள், பிடுங்க இல்லை, கேட்டுப் பார்க்கிற மாதிரி. பிடிமானம் இருந்தால் வேர் இருக்கிறது. சும்மா வந்தால் இல்லை, அப்படியே அழுத்தி விட்டுவிடுங்கள்.

பிடிமானம் இல்லை, ஆனால் துளிர் இன்னும் பச்சையாக இருக்கிறது என்றால் நிழலிலேயே வையுங்கள். பூ மொட்டு இருந்தால் கிள்ளிவிடுங்கள், பாவம் பார்க்காதீர்கள், இருக்கிற கொஞ்ச சத்தையும் அதுதான் குடிக்கும். உரம் எதுவும் வேண்டாம். துளிர் கண்டதும் வெயிலுக்கு நகர்த்துவது, பெரிய தொட்டிக்கு மாற்றுவது, மண்புழு உரம் கொட்டுவது, இந்த மூன்றில் ஏதாவது ஒன்றைச் செய்துவிட்டுத்தான் பெரும்பாலும் என்னிடம் வருவார்கள்.

எத்தனை நாள் பொறுப்பது? கற்பூரவல்லி, புதினா ஒரு வாரம் பத்து நாள். செம்பருத்தி, நந்தியாவட்டை ஒரு மாதம் ஒன்றரை மாதம். மல்லி, ரோஜா ஒன்றரை மாதத்திலிருந்து இரண்டு மாதம். காகிதப்பூ அதற்கு மேலும் இழுக்கும்.

நாள் கணக்கும் சரி, நிழலும் சரி, இருந்தும் வேர் இல்லை என்றால் குச்சியின் வயதைப் பாருங்கள். ரோஜாவில் பூ உதிர்ந்த கிளை, பென்சில் பருமன், ஆறேழு அங்குலம், குறைந்தது நான்கு கணு. கொழுந்து நுனி வாடிவிடும், கட்டை போல முற்றியதில் வேர் வர மாட்டேன் என்கும். அடி வெட்டு ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே இருக்கட்டும், இரண்டு கணுவாவது மண்ணுக்குள் போகட்டும்.

பருவத்தையும் பாருங்கள். மே மாதக் கத்திரியில் மாடியில் குச்சி நடுவது அதை அடுப்பில் வைப்பதுதான். எங்கள் பக்கம் எனக்குச் சரியாக வருவது ஆடி, ஆவணித் தூறலில், அதை விட்டால் ஐப்பசி மழை வெறித்திருக்கும் நாட்களில். விடாத அடைமழையில் நட்டால் முந்தைய தலைப்புக்குத் திரும்ப வருவீர்கள்.

இதற்கெல்லாம் பிறகுதான் வேர் ஊக்கிப் பொடி. கடையில் 'ரூட்டிங் ஹார்மோன்' என்று கேட்டால் தருவார்கள், ஐபிஏ என்று போட்டிருக்கும். பொடியில் கொஞ்சம் தனியாகக் கொட்டிக்கொண்டு அதில் குச்சியின் அடியைத் தொட்டு, தட்டி உதறிவிட்டு, முன்கூட்டியே விரலால் துளை போட்ட மண்ணில் நடுங்கள். டப்பாவுக்குள்ளேயே ஈரக் குச்சியை விட்டால் மொத்தப் பொடியும் கெட்டுவிடும். அதிகமாக ஒட்டினால் நல்லது என்று நினைக்காதீர்கள், அடி கருகும். தேன், கற்றாழைச் சாறு, லவங்கப்பட்டைப் பொடி என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். நானும் எல்லாம் போட்டுப் பார்த்தேன், போட்டதற்கும் போடாததற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

கடைசியாக, வகை. கடைகளில் கிடைக்கிற பெரிய பூ ஹைபிரிட் ரோஜாவும், பல வண்ண ஹைபிரிட் செம்பருத்தியும் ஒட்டுக் கட்டி விற்கப்படுவது சும்மா இல்லை, அவை குச்சியில் லேசில் வராது, வந்தாலும் சவலையாக நிற்கும். பன்னீர் ரோஜா, நாட்டுச் சிவப்பு ரோஜா, ஒற்றைச் செம்பருத்தி, இதெல்லாம் வரும். மூன்று தடவை தோற்ற ஹைபிரிட் ரோஜாவுக்கு நான்காவது தடவை முயல வேண்டாம். ஒட்டுச்செடியாக வாங்கிவிடுங்கள், அல்லது ஒட்டுக் கட்டத் தெரிந்த நர்சரிக்காரரிடம் உங்கள் செடியின் குச்சியைக் கொடுத்துக் கட்டித் தரச் சொல்லுங்கள்.

## நட்ட இரண்டே நாளில் இலை தொங்கி உதிர்கிறது

பயப்படாதீர்கள், முதலில் நகத்தால் தோலைச் சுரண்டிப் பாருங்கள்.

உள்ளே பச்சை: உயிர் இருக்கிறது. செம்பருத்தி இருக்கிற இலையை எல்லாம் உதிர்த்துவிட்டு மொட்டைக் குச்சியாக நின்று, இரண்டு வாரம் கழித்துத் துளிர்க்கும். தண்ணீரைக் கூட்டாதீர்கள். இலை இல்லாத குச்சி தண்ணீர் குடிப்பது மிகக் குறைவு.

உள்ளே பழுப்பு, ஒடித்தால் சடக்: முடிந்தது.

அடுத்த தடவை இலைகளை மேலே இரண்டு மட்டும் விட்டுவிட்டு மீதியைக் கிள்ளிவிடுங்கள், அந்த இரண்டும் பெரிசாக இருந்தால் பாதியாக வெட்டிவிடுங்கள். வேர் இல்லாத குச்சி எட்டு இலைக்கு எங்கிருந்து தண்ணீர் கொடுக்கும்? குச்சியைக் காலையில் வெட்டுங்கள். ஊரிலிருந்து கொண்டு வருவதாக இருந்தால் ஈரத் துணியில் சுற்றிப் பிளாஸ்டிக் பையில் போடுங்கள், பஸ்ஸின் மேல் கம்பியில் வெறுங்குச்சியாகக் கிடந்து வந்தால் பாதி உயிர் வழியிலேயே போய்விடும்.

ஈரக்காற்று வேண்டும் என்றால் செலவில்லாத வழி, அடி வெட்டிய தண்ணீர் பாட்டிலை மேலே கவிழ்ப்பது. மூடியைத் தினம் ஒரு தடவை திறந்து மூடுங்கள். ஆனால் அதை நேர் வெயிலில் வைத்தீர்கள் என்றால் உள்ளே அவிந்துவிடும், இட்லிப் பானைதான் அது. ஐம்பது சதவீத நிழல்வலை அடுத்த செலவு, மாடியில் தோட்டம் வைத்திருக்கிறவர்களுக்கு அது எப்படியும் தேவைப்படும், வாங்கலாம்.

## வேர் கற்றை கற்றையாக வந்திருக்கிறது, கொடி மட்டும் வரவில்லை

மணி பிளாண்டில் வருவது. இலையையும் காம்பையும் மட்டும் கிள்ளித் தண்ணீர் பாட்டிலில் போட்டிருப்பீர்கள். அதில் வேர்கூட வரும், இலை மாதக்கணக்கில் பச்சையாக நிற்கும், ஆனால் புதுக்கொடி வருவதற்கான மொட்டு கணுவில்தான் இருக்கிறது, இலைக்காம்பில் இல்லை. அதற்கு மருந்து கிடையாது. ஒரு கணுவையும் சேர்த்துப் புதிதாக வெட்டுங்கள்.

கணு இருந்தும் வரவில்லை என்றால் தலைகீழாக நட்டீர்களா என்று பாருங்கள். இலை உதிர்ந்த மொட்டைக் குச்சியில் இது சாதாரணமாக நடக்கும். வெட்டும்போதே அடியைச் சாய்வாகவும் மேலே நேராகவும் வெட்டிவிட்டால் பிறகு குழப்பமில்லை. இலைத் தழும்புக்கு மேலேதான் மொட்டு இருக்கும், அதை வைத்தும் கண்டுபிடிக்கலாம்.

பக்கத்தில் ஒரு கதை. மஞ்சள் ஓரம் போட்ட பாம்புக் கற்றாழை இலையைத் துண்டு போட்டு நட்டால் வருகிற குட்டிகளில் மஞ்சள் ஓரம் இருக்காது, முழுப் பச்சையாக வரும். நர்சரிக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போகாதீர்கள். அந்த ஓரம் வேண்டும் என்றால் அடிக்கிழங்கைப் பிரித்துத்தான் நட வேண்டும்.

## இரண்டு மாதம் கழித்து விண்பதியத்தைப் பிரித்தேன், ஒன்றுமே இல்லை

கிளையை வெட்டாமல் மரத்திலேயே விட்டு, பட்டை உரித்த இடத்தில் ஈர நாரை வைத்துக் கட்டி வேர் வரவைப்பதுதான் விண்பதியம். மாதுளை, எலுமிச்சை, கொய்யா, இட்லிப்பூ, குரோட்டன் இதிலெல்லாம் போடலாம். பிரித்ததும் என்ன தெரிகிறது என்பதைப் பொறுத்துத்தான் காரணம்.

பட்டை உரித்த இடம் மறுபடி மூடிக்கொண்டிருக்கிறது. உரித்தது போதவில்லை. பென்சிலிலிருந்து சுண்டுவிரல் பருமன் வரையுள்ள கிளையில் ஒரு அங்குலத்துக்கு முழு வளையமாகப் பட்டையை எடுத்துவிட்டு, உள்ளே வழுவழுவென்று இருக்கிற பச்சைப் படலத்தையும் கத்தி முதுகால் சுரண்டி எடுக்க வேண்டும். துணியால் துடைத்தால் வழுக்கக் கூடாது. அரை அங்குலம் உரித்துவிட்டுக் கட்டினால் மரம் பாலம் போட்டுக்கொள்ளும், வேர் விட அதற்கு ஒரு அவசியமும் வராது.

உள்ளே நார் காய்ந்து கிடக்கிறது. கட்டு தளர்ந்திருக்கிறது, அல்லது எறும்பு ஓட்டை போட்டிருக்கிறது. இரண்டு முனையையும் நன்றாக இறுக்கிக் கட்டுங்கள். காய்ந்துவிட்டதா என்ற சந்தேகம் இருந்தால் பிரிக்க வேண்டாம், ஊசிமருந்து சிரிஞ்சால் கொஞ்சம் தண்ணீர் ஏற்றிவிடுங்கள்.

நாற்றமடிக்கிறது, உரித்த இடம் கறுப்பு. நாரைப் பிழியாமல் சொதசொதவென்று கட்டியிருக்கிறீர்கள், அல்லது மேல் கட்டு வழியாக மழைத்தண்ணீர் இறங்கியிருக்கிறது.

மேல் விளிம்பில் வெள்ளையாகத் திரண்டிருக்கிறது. இது தோல்வியே இல்லை. அந்தத் திரட்சியில்தான் வேர் வரும். திரும்பக் கட்டி இன்னும் மூன்று நான்கு வாரம் விடுங்கள்.

வேர் வந்து வெட்டியெடுத்த பதியனை நேரே வெயிலில் வைத்துக் கொன்றவர்களும் நிறைய. வெட்டும்போது மேலேயுள்ள இலையில் பாதியைக் குறைத்துவிடுங்கள், மூன்று வாரம் நிழல். ஒரு ரகசியம், பழைய பெரிய மரத்தில் பதியம் போடுவதாக இருந்தால் ஒன்றுக்கு மூன்றாகப் போடுங்கள், எனக்கு மூன்றும் சேர்ந்து தோற்றது அபூர்வம்.

## விதை போட்டேன், முளைக்கவே இல்லை

முதல் கேள்வி, எத்தனை நாள் ஆச்சு? தக்காளி ஒரு வாரம், கத்தரி பத்து நாள் வரை, மிளகாய் இரண்டு வாரம் வரைகூட எடுக்கும், பப்பாளி மூன்று வாரம். நாள் ஆகவில்லை என்றால் கிளறாதீர்கள்.

நாள் ஆகிவிட்டது என்றால் ஒரு ஓரத்தில் கிளறி விதையைத் தேடுங்கள்.

விதையே இல்லை? எறும்பு. கீரை விதையை வரிசையாகத் தூக்கிக்கொண்டு போவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். கொஞ்சம் ரவையைத் தொட்டிக்கு வெளியே தூவிவிட்டால் அதைத் தூக்கப் போய்விடும், ஓரத்தில் மஞ்சள்தூள் கோடும் போடலாம். எறும்பு இல்லை என்றால் அணில், மேலே ஒரு வலையோ கூடையோ கவிழ்த்து வையுங்கள்.

விதை இருக்கிறது, அப்படியே கல்லு மாதிரி? தண்ணீர் உள்ளே போகவில்லை. பாகல், பீர்க்கன், புடலை இவற்றை ஒரு ராத்திரி ஊற வையுங்கள். தனியாவை உள்ளங்கையில் தேய்த்து இரண்டாக உடைத்துப் போடுங்கள். பப்பாளி விதையைச் சுற்றியிருக்கிற ஜவ்வு முளைப்பைத் தடுக்கும், சாம்பலில் பிசறித் தேய்த்துக் கழுவிவிட வேண்டும்.

விதை அழுகியிருக்கிறது, அல்லது முளை வந்து உள்ளேயே செத்திருக்கிறது? ஆழம் அதிகம், அல்லது தண்ணீர் அதிகம். விதையின் பருமனைப் போல இரண்டு மடங்கு ஆழம் போதும். கீரை விதைக்கு மண்கூட மூட வேண்டாம், மணலில் கலந்து தூவி, கையால் லேசாக அழுத்தினால் சரி.

எல்லாம் சரி, ஆனாலும் வரவில்லை? பத்து விதையை ஈரத் துணியில் முடிந்து ஒரு டப்பாவில் வையுங்கள். ஐந்துக்குக் கீழே முளைத்தால் விதையில்தான் கோளாறு. அதற்கு மண்ணைத் திட்டிப் பயனில்லை, பாக்கெட்டின் தேதியைப் பார்த்துப் புது விதை வாங்குங்கள்.

துணியில் ஒன்பது முளைக்கிறது, தொட்டியில் மட்டும் வரவில்லை என்றால் நார்க்கழிவிலோ தண்ணீரிலோ உப்பு. நார்க்கழிவுக் கட்டியை ஊறவைத்துப் பிழிந்து மூன்று தடவை தண்ணீர் மாற்றுங்கள். எங்கள் பக்கத்து போர் தண்ணீரில் துணி துவைத்தால் சோப்பு நுரைக்காது, அதே தண்ணீரை நாற்றுக்கு ஊற்றி இலை நுனியெல்லாம் கருகிப் போச்சு. மழைத்தண்ணீர் பிடித்து வைத்து அதில் ஒரு தட்டு விதைத்துப் பாருங்கள். அதில் மட்டும் முளைத்தால் தண்ணீர்தான் குற்றவாளி. அப்போது வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் தண்ணீரைக் கொடுத்துப் பார்த்துவிடுவது நல்லது, ஊகத்தில் ஜிப்சம் வாங்கிக் கொட்டாதீர்கள்.

## முளைத்த நாற்று கழுத்தில் ஒடிந்து சாய்கிறது

சாயங்காலம் நன்றாக நின்றது, காலையில் வெட்டிப் போட்ட மாதிரி படுத்திருக்கும். மண்ணைத் தொடும் இடத்தில் தண்டு நூல் போலச் சுருங்கியிருந்தால் நாற்றழுகல். சுருங்காமல் கத்தரித்த மாதிரி வெட்டுப் பட்டிருந்தால் வெட்டுப்புழு, ராத்திரி டார்ச் எடுத்துப் போய்ப் பொறுக்குங்கள். தண்டு ஆரோக்கியமாகவே இருந்து, நீண்டு வெளிறி, ஒரு பக்கம் சாய்ந்தால் அது நோயே இல்லை, வெளிச்சம் போதாது, வீட்டுக்குள் ஜன்னலோரம் வைத்திருப்பீர்கள்.

நாற்றழுகல் என்றால் இன்றே செய்ய வேண்டியது தண்ணீரை நிறுத்துவது. விழுந்ததையும் அதைச் சுற்றி ஒரு அங்குல மண்ணையும் எடுத்து வெளியே போடுங்கள். நெருக்கமாக இருந்தால் கலைத்துவிடுங்கள், காற்று போக வேண்டும். இனி தண்ணீரைக் காலையில் மட்டும், தட்டில் ஊற்றி அடியிலிருந்து ஏறவிடுங்கள்.

இரண்டு நாளில் நிற்கவில்லை என்றால் காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற பூஞ்சை மருந்தை லிட்டருக்கு இரண்டரை கிராம் கலந்து மண் நனைய ஊற்றலாம். அடுத்த விதைப்பில் விதையை டிரைக்கோடெர்மா விரிடியில் புரட்டிப் போடுங்கள், கிலோ விதைக்கு நான்கு கிராம்தான் அளவு, வீட்டு விதைக்கு ஒரு சிட்டிகை. இரண்டையும் ஒரே சமயத்தில் போடாதீர்கள். டிரைக்கோடெர்மாவும் பூஞ்சைதான், மருந்து அதையும் சேர்த்துக் கொன்றுவிடும்.

தட்டைச் சுற்றிச் சின்னச் சின்னக் கறுப்பு ஈக்கள் பறந்தால் அதுவும் அதிக ஈரத்தின் அடையாளம். மேல் மண்ணைக் காயவிட்டு, மஞ்சள் ஒட்டு அட்டை ஒன்றைச் செருகுங்கள்.

## வேர் நன்றாக வந்தது, தொட்டி மாற்றியதும் செத்தது

காகிதப்பூவில் இது நிறைய. அதன் வேர் வெங்காயத் தோல் மாதிரி, தொட்டால் அறும். டம்ளரைப் பக்கவாட்டில் கிழித்து மண்ணோடு அப்படியே எடுத்து வையுங்கள், உதறாதீர்கள், கழுவாதீர்கள்.

தண்ணீரில் வேர்விட்ட செடி என்றால் வேறு விஷயம். தண்ணீரில் வந்த வேருக்கு மண் பழக்கமில்லை. வேர் ஒன்றிரண்டு அங்குலம் இருக்கும்போதே மாற்றிவிடுங்கள், முழ நீளம் வளரவிட்டு அழகு பார்க்காதீர்கள். மாற்றிய முதல் பத்து நாள் மண் வழக்கத்தைவிட ஈரமாக இருக்கட்டும், பிறகு மெல்லக் குறையுங்கள்.

டம்ளர் அளவு செடியை நேரே பதினைந்து அங்குலத் தொட்டிக்குக் கொண்டு போனால் வேர் எட்டாத மண் முழுக்க ஈரம் தேங்கி அழுகும். முதலில் ஆறு அங்குலம். வெயிலையும் படிப்படியாகக் காட்டுங்கள், முதல் வாரம் காலை ஒரு மணி நேரம், அடுத்த வாரம் இரண்டு மூன்று மணி நேரம்.

## ஒட்டு ரோஜா செழிப்பாக வளர்கிறது, பூதான் வேறு

ஒட்டுக் கட்டிய முண்டுக்குக் கீழேயிருந்து கிளம்பிய கிளை அது. விட்டால் மேலேயுள்ள நல்ல ரோஜாவைப் பட்டினி போட்டுவிடும். அடியோடு கிழித்தெடுங்கள், கத்தரியால் மேலாக வெட்டினால் இரண்டாக வரும். முண்டுக்கு மேலே எதுவுமே உயிரோடு இல்லை என்றால் அந்த ரோஜா போய்விட்டது, இருப்பது வேர்ச்செடி மட்டும்.

## வெள்ளையாகப் பஞ்சு அப்பியிருக்கிறது

மாவுப்பூச்சி. நான்கைந்து இருந்தால் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷும் சோப்புத் தண்ணீரும் போதும். பரவியிருந்தால் லிட்டர் தண்ணீருக்கு வேப்பெண்ணெய் ஐந்து மில்லி, கரைவதற்குக் கொஞ்சம் சோப்பு, சாயங்காலத்தில் இலை அடியில் படும்படி தெளித்து வாரம் ஒருமுறை திரும்பச் செய்யுங்கள். எறும்பையும் கவனியுங்கள், எறும்புதான் பூச்சியை ஒரு செடியிலிருந்து இன்னொன்றுக்குக் கூட்டிப் போகிறது.

இலை சுருண்டு, மஞ்சளும் பச்சையுமாகத் திட்டுத் திட்டாக இருக்கிற செடியிலிருந்து மட்டும் குச்சியோ பதியனோ எடுக்காதீர்கள். வைரஸாக இருந்தால் குட்டிக்கும் அப்படியே போகும், அதற்கு மருந்தில்லை. இது சத்துக் குறையா, வைரஸா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல எனக்கே வராது. அந்த இடத்தில் ஆளைக் கேளுங்கள். கிசான் கால் சென்டர் 1800-180-1551, காசில்லை, தமிழில் பேசலாம். எங்கள் மாவட்டத்துக்குக் காட்டுப்பாக்கத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது, உங்கள் மாவட்டத்திலும் ஒன்று இருக்கும். போகும்போது வாடிய இலையை மட்டும் கொண்டு போகாதீர்கள், நல்ல இலை ஒன்று, கெட்ட இலை ஒன்று, வேரோடு ஒரு கன்று என்று எடுத்துப் போங்கள்.

## எல்லாம் வருகிறது, கறிவேப்பிலை மட்டும் வரவில்லை

குச்சியில் நட்டீர்களா? அதுதான். எனக்குப் பதினொரு குச்சி போனது, அதற்குப் பிறகு நிறுத்திவிட்டேன்.

விதையில் போட்டீர்களா? பழம் கறுத்துப் பழுத்ததும் பறித்து, சதையைக் கழுவி நீக்கி, அந்த வாரமே போட்டிருக்க வேண்டும். காயவைத்து டப்பாவில் சேர்த்து வைத்த கறிவேப்பிலை விதை சீக்கிரமே முளைப்புத் திறனை இழந்துவிடும். போன வருடத்து விதை என்று யாராவது அன்பாகக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், நடாதீர்கள்.

சுலபமான வழி பழைய மரத்தின் அடியில் இருக்கிறது. மரத்தைச் சுற்றி வேரிலிருந்து முளைத்த பக்கக் கன்றுகள் நிற்கும். முழங்கால் உயரத்துக்கு மேல் போகாததாக ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஒரு பக்கம் மட்டும் கரண்டியை இறக்கித் தாய் வேரோடு இருக்கிற தொடர்பை அறுத்துவிட்டு, கன்றை அங்கேயே மூன்று வாரம் விட்டுவையுங்கள். அதற்குள் அது தனக்கென்று சல்லிவேர் விட்டிருக்கும். பிறகு மண்ணோடு தோண்டி, இலையில் பாதியை ஒடித்துவிட்டு, தொட்டிக்கு மாற்றி நிழலில் வையுங்கள். மாமியார் கண்ணில் படாத இடமாகப் பார்த்து.